புகைபோக்கியிலிருந்து நாற்பது தப்படி

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் அங்கே நன்றாக இருப்பீர்கள், குளிருக்கு இதமாக உடுத்திக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். இங்கே உன் அம்மா சுகம், முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது முணுமுணுக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததை நானே சரி செய்துவிட்டேன், ஆள் கூப்பிடவில்லை. நானும் சுகம்தான், வயிற்றெரிச்சல் ஒன்றைத் தவிர. உடனே மாத்திரை வாங்கி அனுப்பிவிடாதே, இது மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை. எனக்குப் பொறாமை. இந்த வயதில் இதை மகளுக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு யாரிடம் சொல்ல, உன் அம்மாவிடம் வாயைத் திறக்க முடியாது, பொறாமை அவள் தம்பி மேல்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமாவுக்கு நீ போன் பண்ணினாய் அல்லவா, அப்போது அவன் நம் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். உனக்குத் தெரியுமே, பாய்லர் பக்கத்தில் நின்று நின்று அவன் காது மந்தம், அதனால் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான், நீ கத்தியது தெருமுனைக் கடைவரைக்கும் கேட்டது. போர்டில் உங்க போட்டோ சூப்பர் மாமா, இங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டேன் என்றாய். எல்லாம் பேசி முடித்துக் கடைசியில் அப்பா இருக்காரா என்று கேட்டாய், நான் குளியலறையில் இருப்பதாக ஜாடை காட்டிவிட்டேன். நான் எதிர் நாற்காலியில்தான் இருந்தேன். கோபித்துக்கொள்ளாதே, அன்றைக்கு என் குரலை நீ கேட்டிருந்தால் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். நிஜமாகவே ஏதோ ஆகித்தான் இருந்தது, அதை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நீ கடைசியாக வந்தபோது ஆற்றங்கரையில் எங்கள் சைக்கிள் ஆலையின் மதில் பாதி நின்றது, இப்போது மதிலே இல்லை. நம் தெரு முனையில் நின்றால் நேராக ஆறு தெரிகிறது. நாற்பது வருஷம் இந்தத் தெருவில் குடியிருக்கிறேன், இங்கிருந்து ஆறு தெரியும் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். கரையைச் சரிவாக வெட்டிக் கல் பதித்து, நடைபாதை போட்டு, பத்தடிக்கு ஒரு பெஞ்சு வைத்திருக்கிறார்கள். நாங்கள் சைக்கிள் ரிம்மும் ஹேண்டில்பாரும் முக்கி எடுத்த முலாம் தொட்டிகளைக் கழுவிக் கழுவி, மண் கொட்டிப் பூச்செடி வைத்துவிட்டார்கள். தண்ணீரில் வாத்து நீந்துகிறது. எங்கள் காலத்தில் அந்தத் தண்ணீரில் நீந்துகிற துணிச்சல் எந்த உயிருக்கும் இருந்ததில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேள், உன் மாமாவின் பாய்லர் அறையை அப்படியே வைத்து, செங்கல்லுக்கு மெருகு போட்டு, உள்ளே காபிக்கடை திறக்கப் போகிறார்கள். பக்கத்தில் நிற்கிற புகைபோக்கிக்கு விளக்கு அலங்காரம் வேறு. இருபத்தெட்டு வருஷம் நான் நின்ற முலாம் பிரிவு இருந்த இடத்தில் இப்போது என்ன தெரியுமா, சைக்கிள் நிறுத்துமிடம். வந்து நிறுத்துகிறவர்களில் ஒருவருக்குக்கூட அந்த ரிம்முக்கு மினுமினுப்பு எப்படி வருகிறது என்று தெரியாது.

இதில் உன் மாமாவுக்கு வந்த வாழ்வைச் சொல்கிறேன். ஆற்றங்கரையைச் சீரமைக்கிற ஆபீசில் பழைய தொழிலாளிகள் யாராவது வந்து ஆலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போகலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன், உன் மாமா பனியனோடு அன்றைக்கே போய் நின்றுவிட்டான். அவன் குரலும் அவன் கைவீச்சும் உனக்குத் தெரியாததா, அரை மணி நேரத்தில் ஆபீசையே மடக்கிவிட்டான். இப்போது நீலத் தொப்பி, கழுத்தில் அட்டை, கரை முகப்பில் வைத்த போர்டில் போட்டோ, சனிக்கிழமை காலையில் இருபது பேரைப் பின்னால் கூட்டிக்கொண்டு கரை நெடுகக் கதை சொல்லிக்கொண்டு போகிறான். யார் கதை? என் கதை. அமிலம் தெறித்து மேஸ்திரியின் மீசை பாதி போன கதை, வெள்ளத்தன்று ரிம் கட்டுகளைத் தெப்பமாகக் கட்டி நாலு பேரைக் கரை சேர்த்த கதை, எல்லாம் நம் வீட்டில் என் இலையில் சோறு ஆறிப்போக நான் அவனுக்குச் சொன்னவை. அவனை அந்த ஆலையில் சேர்த்துவிட்டதே நான்தான், நீ இரண்டு வயதுக் குழந்தை அப்போது, மேஸ்திரி வீட்டுக்கு ஐந்து தடவை நடந்தேன். ஒரு சனிக்கிழமை நானும் கூட்டத்தோடு போய்ப் பின்னால் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு, இவர் எங்க அக்கா வீட்டுக்காரர், இவரும் இங்க தொட்டிப் பக்கம் ஏதோ வேலை பார்த்தார் என்று எல்லாரிடமும் சொன்னான். ஏதோ வேலையாம். அந்த ஏதோ வேலையில்தான் என் விரல் முட்டியில் குழிகுழியாகத் தழும்பு, அந்த ஏதோ வேலையில்தான் எனக்கு மோப்பமே செத்துப்போய் உன் அம்மா சமையல் கருகினால்கூட அவள் சொல்லித்தான் தெரிகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

இப்போது ஒரு குழியின் விஷயத்துக்கு வருகிறேன். தீர்ந்துபோன அமிலத்தையும் தொட்டி அடியில் தங்குகிற பச்சைச் சேற்றையும் கொட்டுவதற்குக் கரையோரம் ஒரு பெரிய சிமெண்ட் குழி இருந்தது. அது நிரம்பியதும் மேலே பலகைக் கல் போட்டு மூடச் சொன்னார்கள், மூடியவர்களில் நானும் ஒருவன். சரியாக அந்த வாரம்தான் ஆலையின் பழைய புகைபோக்கியை இடித்தார்கள், அந்தச் செங்கல்லையே வாரி வந்து குழி மேல் பரப்பினோம். நீ பிறந்து மூன்றாம் நாள் அது. உன்னைப் பார்க்க ஓடிவந்தபோது தலையெல்லாம் செங்கல் தூசி, உன் அம்மா என்னைக் கட்டில் பக்கமே விடவில்லை. குழி இருக்கும் இடத்துக்கு எங்களிடம் ஒரே அடையாளம், புகைபோக்கியிலிருந்து ஆற்றைப் பார்த்து நாற்பது தப்படி. அது பழைய புகைபோக்கி. இப்போது விளக்குப் போட்டு நிற்கிறதே அது இரண்டாவது, பிறகு பாய்லர் அறையை ஒட்டிக் கட்டியது, இரண்டுக்கும் நடுவே ஒரு தெரு நீளம் இடைவெளி. ஆலை மூடியபோது வரைபடங்களை எல்லாம் யாரோ பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். குழியை அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஆபீசில் மெஷின் வைத்துத் தேடியிருக்கிறார்கள், ஆனால் அந்தத் தரை முழுக்க இரும்புத் துண்டு, மெஷினை எங்கே வைத்தாலும் கத்தியதாம். கடைசியில் உன் மாமாவைக் கேட்டார்கள். அவன் தொப்பியைச் சரி செய்துகொண்டு, நிற்கிற புகைபோக்கிக்குக் கீழே போய் முதுகை ஒட்டி நின்று, ஒண்ணு ரெண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டு நாற்பது தப்படி நடந்தான்.

அவனுக்கு வேறு புகைபோக்கி இருந்ததே தெரியாது. அவன் வேலைக்கு வந்தபோது அதை இடித்து இரண்டு வருஷம். நாற்பது தப்படி என்பது என் வாயிலிருந்து அவன் கேட்டது, எதிலிருந்து என்று நான் சொல்லவில்லை, ஒரு புகைபோக்கியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறவனிடம் எதிலிருந்து என்று யார் சொல்லுவார்கள். அவன் காட்டிய இடத்தில் கொடி நட்டார்கள், தோண்டினார்கள், மண்ணை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முதல் தப்படி வைக்கும்போதே எனக்குத் தெரியும், தப்பு என்று. வாயைத் திறக்கவில்லை. தோண்டு ராசா தோண்டு, ஒண்ணும் கிடைக்காது, எல்லாருக்கும் முன்னால் உன் மூக்கு உடையட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். சொல்லப்போனால் அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவன் மூக்கு உடையவில்லை. மண் சுத்தமாக இருக்கிறது, குழியை எப்போதோ அள்ளி எடுத்திருப்பார்கள் என்று ஆபீசில் முடிவு கட்டி, அவனுக்கு நன்றி சொல்லி, டீ வாங்கிக் கொடுத்தார்கள். பாரேன், தப்பாகச் சொன்னதற்கும் அவனுக்கு டீ.

அதற்குப் பிறகு பதினோரு நாள் நான் சும்மா இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்பேன், காலையில் எழுந்தால் அவன் தொப்பியோடு தெருவில் போவது தெரியும், சரி இன்னொரு நாள் போகட்டும் என்று விட்டுவிடுவேன். என்னைக் கேட்டார்களா, கேட்டால் சொல்ல மாட்டேனா, ஏதோ வேலை பார்த்தவனுக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். உன் அம்மா இரண்டு தடவை கேட்டாள், ஏன் இப்படி வளைய வர்றீங்க, என்ன உள்ளே வெச்சுக்கிட்டு புழுங்குறீங்க என்று. பல் வலி என்று சொன்னேன். மூன்று நாள் கஞ்சி குடிக்க வைத்துவிட்டாள். நடுவில் ஒருநாள் காலாற நடப்பதுபோல் அந்தப் பக்கம் போனேன். பழைய புகைபோக்கி இருந்த இடத்திலிருந்து கண்ணாலேயே எண்ணிப் பார்த்தேன். நாற்பதாவது தப்படியில் சிறுவர்களுக்கு மணல் மேடை போடப் போவதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அப்போதாவது ஆபீசுக்குள் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பலகைக் கல் கெட்டியானது, மேலே மணல்தானே என்று திரும்பி வந்துவிட்டேன். கல்லுக்கு வயது என்ன, அடியில் இருக்கிற அமிலம் அதை என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா. தெரியும்.

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை உன் போன். விடுமுறைக்கு வர்றோம் மாமா, வாண்டு அந்த மணல்ல விளையாடணும்னு இப்பவே குதிக்கிறா என்றாய். நீ வரப்போவதே எனக்கு அப்போதுதான் தெரியும், அதுவும் அவன் போன் வழியாக, அது ஒரு எரிச்சல். அதற்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா, திறக்கிற அன்னைக்கு முதல் ஆளா நம்ம வாண்டைத்தான் மணல்ல இறக்கிவிடப் போறேன், ஆபீஸ்ல சொல்லி வெச்சாச்சு என்றான். நீ சிரித்தாய். உன் அம்மா சமையலறையிலிருந்து சிரித்தாள். அந்த மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் ஜாடை காட்டினேன், அப்பா குளியலறையில் என்று.

திங்கட்கிழமை விடிந்ததும் போனேன். இப்போதும் என் புத்தியைப் பார், நல்ல காரியத்துக்குப் போகிறவன் நல்ல மனதோடு போகவில்லை, அவன் எல்லாருக்கும் நடுவில் நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஒரு கூட்டம் வந்திருந்தார்கள், ரப்பர் பூட்ஸ் போட்ட இன்ஜினியர் பெண்ணும் இருந்தாள். நான் நேராகப் போய், குழி அங்க இல்லம்மா, நீங்க தப்பான புகைபோக்கியிலிருந்து எண்ணிட்டீங்க என்றேன். உன் மாமா, என்ன அத்தான் என்று காதருகே கையை வைத்துக் கேட்டான், இன்னொரு தடவை கத்திச் சொன்னேன். புல்லுக்கு அடியில் பழைய புகைபோக்கியின் செங்கல் வட்டம் இன்னும் இருக்கிறது, காலால் புல்லை ஒதுக்கிக் காட்டினேன். அதன் மேல் நின்று ஆற்றைப் பார்த்து நடந்தேன். என் கால் இப்போது அந்தக் காலத்துக் கால் இல்லை, தப்படி குறுகிவிட்டது, அதற்கு மூன்று தப்படி கூடுதலாகப் போட்டு நின்றேன். நான் நின்ற இடத்தில் தோண்டினார்கள், ஒரு கை ஆழத்தில் செங்கல் தட்டியது, அதற்குக் கீழே பலகைக் கல். கல்லில் நீளமாக விரிசல். துளையிட்டதும் பச்சையும் மஞ்சளுமாக ஊறி வந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள், எனக்குத்தான் மூக்கு கிடையாதே, அந்த இன்ஜினியர் பெண் கையைப் பிடித்து இழுக்கும்வரை நான் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

வேலையை உடனே நிறுத்திவிட்டார்கள். நான் எதிர்பார்த்தது இப்போது நடக்கும், அவன் அசடு வழிந்து நிற்பான் என்று திரும்பிப் பார்த்தேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு என்னோடதுதான், நாற்பதுங்கிறது இவர் சொல்லிக் கேட்ட கணக்கு, எந்தப் புகைபோக்கின்னு ஒரு வார்த்தை கேட்டுக்காம என் சொந்தக் கணக்கு மாதிரி அளந்துட்டேன், இந்த இடத்தைப் பத்தி நிஜமா தெரிஞ்சவர் இவர்தான் என்று சொன்னான். டீச்சர்கள் கை தட்டினார்கள். எனக்கு இல்லை, அவனுக்கு, அவன் பெருந்தன்மைக்கு. நான் போய்க் குழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தாலும் கைதட்டல் அவனுக்கு, நான் எங்கே போய் முட்டிக்கொள்ள. அப்போதுதான் அந்த இன்ஜினியர் பெண் என்னைப் பார்த்து, ஐயா அன்னைக்கு நாங்க தோண்டினப்போ நீங்களும் கயித்துகிட்ட நின்னீங்களே, நான் பார்த்தேனே, ஏன் ஒண்ணும் சொல்லலை என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் குனிந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். உன் மாமாவும் பார்த்தான், ஒரு நொடி, அவ்வளவுதான், எல்லாம் புரிந்துபோயிற்று அவனுக்கு. உடனே அவன், அவருக்குக் காது மந்தம்மா, இத்தனை வருஷ மெஷின் சத்தம், நான் எண்ணினது அவருக்குக் கேட்டிருக்காது என்று சொல்லிவிட்டான். யார், ஊரிலேயே காது கேட்காதவன். அன்றிலிருந்து அந்தப் பெண் என்னிடம் கத்தித்தான் பேசுகிறாள், நானும் கையைக் காதுக்கு வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

வீட்டுக்குச் சேர்ந்துதான் நடந்து வந்தோம், அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் நின்று, சாயங்காலம் டீ குடிக்க வாங்க அத்தான் என்று மட்டும் சொன்னான். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிக் கணக்கைத் தீர்த்திருப்பேன். என்னைவிட நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போது பழைய செங்கல் வட்டத்திலிருந்து குழி இருந்த இடம்வரைக்கும் நாற்பது கல் பதிக்கப் போகிறார்களாம், என்னையே மறுபடி நடக்கச் சொல்லி அளவெடுத்தார்கள். எனக்கும் ஒரு தொப்பி தந்திருக்கிறார்கள், காதுவரைக்கும் இறங்குகிறது. ஆனால் சனிக்கிழமைகளில் அந்தக் கற்கள் மேல் கூட்டத்தை நடத்திக் கதை சொல்லப் போவது அவன்தான், நான் பக்கத்தில் நிற்க வேண்டியது, காது கேட்காதவனாக. இது எனக்குச் சரியான தண்டனை என்று தெரிகிறது, தெரிந்தும் எரிகிறது.

ஒன்றை உன்னிடம் மறைக்கக் கூடாது, அதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதினேன். வாண்டு பெயர் அன்றைக்கு அந்தப் போனில் வந்திருக்காவிட்டால் நான் திங்கட்கிழமை போயிருப்பேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், போயிருப்பேன் என்று சத்தியம் பண்ண முடியவில்லை. வேறு வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவதாக இருந்தால் இன்னும் எத்தனை நாள் பல் வலி என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பேனோ. உன் அப்பாவைப் பற்றி இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், போர்டில் என் போட்டோவும் வந்தால் பார்த்துப் பெருமைப்படுவதற்கு முன்னால்.

மணல் மேடை இந்த வருஷம் இல்லை. குழியை முழுக்கச் சுரண்டி, பீப்பாயில் அடைத்து எடுத்துப் போய், மண்ணை மாற்றி, சோதித்து, அதற்குப் பிறகு வேறு இடத்தில் போடுவார்களாம், திறப்பு அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டது. அதற்காகப் பயணத்தைத் தள்ளிப் போட்டுவிடாதே. பெஞ்சு இருக்கிறது, வாத்து இருக்கிறது, வாண்டுக்கு நான் வீட்டிலேயே ஒரு தொட்டியில் நல்ல மணல் சலித்துக் கொட்டி வைக்கிறேன். மாப்பிள்ளையை ரொம்பக் கடுமையாக வேலை பார்க்க வேண்டாம் என்று சொல். வாண்டு வெறுங்காலோடு நடக்கிறாள் என்று அம்மா சொன்னாள், தரை குளிர்ந்து கிடக்கும், காலுறை போட்டுவிடு. நீ உன் கூட வேலை பார்க்கிற அந்தப் பெண்ணுக்குப் பதவி கொடுத்துவிட்டார்கள் என்று போன மாசம் பொருமினாயே, அப்போது நான் உன் பக்கம் பேசினேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவளுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிவிடு, மனதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடு. உனக்கு என் புத்திதான் வாய்த்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நிறைவாக இருக்க வேண்டும். அம்மா தன் முத்தத்தை வாண்டுக்கு அனுப்புகிறாள், இந்தக் கடிதத்தை அவள் இன்னும் படிக்கவில்லை, ஒட்டுவதற்கு முன் படிக்கக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஒரே ஒரு விஷயம் மறக்காதே. இனிமேல் போன் பண்ணினால் முதலில் எனக்குப் பண்ணு, மாமாவுக்கு நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். எனக்குக் கத்த வேண்டியதில்லை, மெல்லப் பேசினாலே போதும். என் காதில் ஒரு கோளாறும் கிடையாது. அன்றைக்கும் எல்லாம் கேட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா